மாட்டியவரே கழற்ற வேண்டும்

"யாரும் பாக்காதப்போ இந்த அட்டையைக் கழட்டிட்டா என்னப்பா ஆகும்?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. பள்ளி விடுமுறை. வீட்டில் விட்டுவர வழியில்லாமல் லிஃப்ட் மெக்கானிக் அவளையும் வேலைக்கு அழைத்துப் போயிருந்தார். ஏழு மாடிக் கட்டடம். மெயின் சுவிட்சை அணைத்து, அதன் மேல் ஒரு சிவப்பு அட்டையை மாட்டியிருந்தார். 'உள்ளே ஆள் இருக்கிறார். தொடாதே. மாட்டியவரே கழற்ற வேண்டும்.' கீழே அவர் பெயர்.

"உள்ள ஒருத்தர் இருக்காரும்மா," என்றார் அவர். "நம்ம கண்ணுக்குத் தெரியலன்னாலும் இருக்காரு. அதை மறந்துட்டு சுவிட்சுல கை வச்சா பெரிய பாவம்."

இருபத்தெட்டு வருட வேலையில் அடுத்தவர் மாட்டிய அட்டையை அவர் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. அப்படிப்பட்டவர்தான் இப்போது ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி இயந்திர அறையில், கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"இரு, இரு. திரும்பச் சொல்லு. நடுவுல மிஷின் நின்னா?"

"செத்தோம்ண்ணே," என்றான் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்பேனர்.

ஸ்பேனர் அவருடன் வேலை செய்பவன். முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. கழுத்தின் நீளத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவனுக்குக் கணினி விளையாட்டுதான். வாள், மந்திரவாதி, ஓநாய், பனிமலை என்று விரியும் ஓர் உலகத்தில் ஒரு வீரனை வளர்த்துக்கொண்டே போகிற ஆட்டம். அது போதவில்லை என்று, ஆடுகிறவர்களே சில மாற்றங்களை எழுதி அதில் சேர்ப்பார்களாம். 'மாட்' என்று பெயராம். ஆட்டத்தை இன்னும் கஷ்டமாக்குவதற்கு!

"குளிர் மாட் போட்டா விறைச்சுச் சாவோம். பசி மாட் போட்டா பட்டினியில சாவோம். 'ஒரே உயிர்' மாட் போட்டா, செத்தா மறுபடி முதல்லேருந்து. எங்கயாவது படுக்கை கிடைச்சுப் படுத்தாதான் ஆட்டம் பதிவாகும். படுக்கிறதுக்கு முன்னாடி மிஷினை நிறுத்தினா செத்த மாதிரிதான்."

"ஏம்ப்பா, வெளியில இருக்கற கஷ்டம் பத்தலையா?"

"அங்க கஷ்டப்பட்டா பலன் கிடைக்கும்ண்ணே," என்றான் ஸ்பேனர். பிறகு குரல் இறங்கியது. "நாலு மாசம் ஆடி, பனிமலை உச்சியில கடைசி இரும்புக் கதவு முன்னாடி போய் நின்னேன். வீட்டுக்காரர் மெயினை ஆஃப் பண்ணிட்டாரு. ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல."

பனிமலை. இரும்புக் கதவு. மெக்கானிக் அதைப் பார்த்திருக்கிறார்.

பத்து மாதத்துக்கு முன்பு ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்து மதியமே வீட்டுக்குப் போனார். வாசலில், ஜிப் மாற்றக் கொடுத்த பேன்ட்டை வாங்க வந்த ஒருவரிடம் மனைவி பேசிக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் துணிகளைப் பிரித்து, குறைத்து, சரிசெய்து கொடுப்பவள் அவள். உள்ளே போனால், வேலைக்கான தேர்வுக்குப் படிக்க வேண்டிய மகளைக் காணோம். கணினித் திரையில் பனி கொட்டுகிறது. ஒரு பெரிய இரும்புக் கதவின் முன் ஒரு வீரன் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறான். நாற்காலியில் ஆள் இல்லை. ஓர் அளவு நாடா மட்டும் சுருண்டு கிடந்தது.

அவர் யோசிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினார்.

குளியலறையிலிருந்து வந்த மகளை நிற்கவைத்து அரை மணி நேரம் திட்டினார். அவள் அவருடைய தோளுக்கு மேலே எதையோ பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். "சரிப்பா," என்றாள். அடுத்த மாதம் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். அதிலிருந்து தொலைபேசியில் "சாப்பிட்டேன்ப்பா", "நல்லாருக்கேன்ப்பா" என்று இரண்டே வார்த்தைகள்தான்.

ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. உள்ளே ஆள் இருக்கும்போது சுவிட்சில் கை வைத்திருக்கிறார்.

ஆறு வாரத்தில் மகள் விடுமுறைக்கு வருகிறாள். அதற்குள் அதே வீரனை, அதே கஷ்டங்களோடு, அதே கதவின் முன் கொண்டுபோய் நிறுத்துவது என்று அவர் முடிவு செய்தார். நேரே மன்னிப்புக் கேட்க வாய் வராதவருக்கும் கடவுள் ஏதாவது ஒரு வழி வைத்திருப்பார் என்பது அவர் நம்பிக்கை. அந்த வழியில் அத்தனை ஓநாய்கள் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் மாலை வேலையிலிருந்து வந்ததும், கைகால் கழுவி, கண்மூடி ஒரு நிமிடம் வேண்டிக்கொண்டு, கணினியின் முன் உட்கார்ந்தார். பட்டியலில் ஏழு மாட்கள் இருந்தன. ஏழையும் லிஃப்ட் பராமரிப்புக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதிக்கொண்டார்.

வீரன் செருப்பில்லாமல் பனியில் பிறந்தான். நாலு நிமிடத்தில் விறைத்துச் செத்தான்.

மூன்று நாளில் பதினோரு முறை செத்தான்.

"இன்னைக்கு எத்தனாவது ஜென்மம்?" என்று பக்கத்து அறை மெஷினில் உட்கார்ந்தபடி எட்டிப் பார்த்துக் கேட்டாள் மனைவி.

"கிண்டல் பண்ணாத. கம்ப்யூட்டர் கத்துக்கிறேன்."

"கத்துக்கோங்க, கத்துக்கோங்க. பிறந்த உடனே நேரா நடக்காம, இடதுபக்கம் ஒரு குடிசை தெரியுதே, அங்க போய் ஒதுங்கலாமில்ல? எனக்கு என்ன தெரியும். பாத்தா தோணுச்சு."

குடிசையில் செருப்பு இருந்தது. கூடவே கணப்பும் இருந்தது. 'இவளுக்கு இருக்கிற சாதாரண புத்தி எனக்கு இல்லையே' என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் விறகு சுமக்க முடியவில்லை. மூன்று கட்டைக்கு மேல் எடுத்தால் வீரனுக்கு மூச்சு வாங்கியது. ஸ்பேனரிடம் கேட்டார்.

"சுமைக்கு அளவு வைக்கிறது மூட்டை மாட்தான். அதை எடுத்துடுங்கண்ணே. ஒரு டிக்தான்."

"அது கூடாது. இருக்கறது எதையும் எடுக்க மாட்டேன். வேணும்னா ஏதாவது சேக்கலாம்."

"அப்போ கழுதை மாட் போடுங்க. சுமை பூரா அது பாத்துக்கும்."

போட்டார். பசி மாட் கழுதையையும் விட்டுவைக்கவில்லை. வீரனுடைய ரொட்டி முழுவதையும் கழுதை தின்றது. மலைப்பாதையில் குளிர் ஏற ஏறக் கழுதை நடுங்குவதைப் பார்த்து மெக்கானிக்கின் மனசு கேட்கவில்லை. இருந்த ஒரே கம்பளியை அதற்குப் போர்த்தினார். வீரன் செத்தான். கழுதை சௌகரியமாக நின்றுகொண்டிருந்தது.

"உங்க குணத்துக்கு இந்த ஆட்டம் ஒத்துவராதுண்ணே," என்றான் ஸ்பேனர்.

அடுத்தது ஓநாய்கள். மாட்களின் நீண்ட பட்டியலில் 'ஓநாய்க்கு அறிவு' என்று ஒன்று கண்ணில் பட்டது. அறிவு வந்தால் எந்த உயிரும் கொஞ்சமாவது திருந்தும் என்று நம்பி, யாரையும் கேட்காமல் அதைச் சேர்த்தார். அதுவரை ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த ஓநாய்கள் கூட்டம் சேர்ந்தன. சத்திரத்து வாசலில் பொழுது விடியும்வரை காத்திருந்தன. ஒன்று முன்னால் வந்து போக்குக் காட்ட, நாலு பின்னால் வந்து கடித்தன.

"அதை எடுத்துத் தொலைங்கண்ணே!"

"எடுக்கப் பாத்தேன். 'இதை நீக்கினால் ஆட்டம் கெட்டுப்போகும்'னு எச்சரிக்கை வருதுப்பா."

இப்போது ஒன்பது மாட்கள். மகள் ஆடியதைவிடக் கஷ்டமான ஆட்டத்தை அவர் ஆடிக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் மகளோடு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசிப் பேச்சு. அன்றைக்கு மன்னிப்பைக் கேட்டேவிடுவது என்று தொண்டையைச் செருமினார்.

"அம்மாடி..."

"சொல்லுங்கப்பா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்ப்பா."

"அங்க... குளிருக்குக் கம்பளி இருக்கா?"

"இங்க ஃபேன் போட்டாலே வேர்க்குதுப்பா. ஏன்?"

"சும்மாதான். உடம்பைப் பாத்துக்கோ." வைத்துவிட்டார்.

இருபதாவது பிறப்பில்தான் பெரிய சங்கடம் வந்தது. ஒரு கிராமத்துக் கடையில் விலை கேட்கப் போனவர் தவறான பொத்தானை அழுத்திவிட்டார். ஒரு ஆப்பிள் வீரனுடைய பைக்குள் போய்விட்டது. அந்த ஏழு மாட்களில் ஒன்றின் பெயர் 'ஊர் மறக்காது'. நாம் செய்த நல்லதையும் கெட்டதையும் அந்த ஊர் மனிதர்கள் மனத்தில் வைத்துக்கொள்வார்கள். கடைக்காரர் "திருடன்!" என்று கத்தினார். மெக்கானிக் பதறிப்போய் ஆப்பிளைத் திருப்பிக் கொடுக்கப் போனார். பதற்றத்தில் அழுத்தியது வாள் பொத்தான். கடைக்காரருக்கு ஒரு வெட்டு.

அதன்பிறகு அந்த ஊரில் யாரும் அவருக்குப் படுக்கை கொடுக்கவில்லை. படுக்கை இல்லாவிட்டால் பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் கணினியை அணைக்க முடியாது. அதை எரியவிட்டே இரவு தூங்கப் போனார்.

"புதுசா பிறந்துடுங்கண்ணே. இது வேலைக்காகாது," என்றான் ஸ்பேனர் மறுநாள்.

"ஒருத்தரை வெட்டிட்டு நான் பாட்டுக்குப் புதுசா பிறந்துட்டா, அந்த மனுஷனுக்கு யார் பதில் சொல்றது?"

"அது மனுஷன் இல்லண்ணே, படம்!"

"எனக்குத் தெரியாதா? இருந்தாலும் மனசு கேக்கலப்பா."

அன்று மாலை அவர் வெறுமே திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மனைவி ஒரு சட்டைக் காலரைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அந்தக் கடைக்காரர் வீட்டுத் தொட்டி காலியா இருக்கு பாருங்க. தண்ணி தூக்கி ஊத்திப் பாருங்களேன். மன்னிச்சாலும் மன்னிப்பாரு."

"ஒரு வாளித் தண்ணிக்கா மன்னிப்பாரு?"

"ஒரு வாளியிலயே மன்னிக்கணுமா என்ன? ஊத்திக்கிட்டே இருங்க."

வார விடுமுறை நாள் முழுவதும் அவர் கிணற்றுக்கும் தொட்டிக்குமாக நடந்தார். முப்பது வாளி. நாற்பது வாளி. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறுபத்திரண்டாவது வாளியில் ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு படுக்கை.

மெக்கானிக்கின் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பினார். மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்றைக்கு நூல் கோப்பதே சிரமமாக இருந்ததுபோல் தெரிந்தது.

அதிலிருந்து அவர் வழி மாறியது. சண்டையில் அவர் தேறவேயில்லை. ஆனால் போகிற ஊரிலெல்லாம் வழியை மறித்த மரத்தை அகற்றினார், கணப்புக்கு விறகு போட்டார், சத்திரத்து வாசலில் உட்கார்ந்திருந்த பிச்சைக்காரர் ஒருவருக்குத் தினம் ஒரு ரொட்டி கொடுத்தார். தனக்கு இல்லாத நாளிலும் கொடுத்தார்.

ஆச்சரியம் அப்போதுதான் தொடங்கியது. ஒரு நாள் பசியோடு வீரனைச் சத்திரத்தில் படுக்கவைத்துவிட்டு எழுந்தார். அடுத்த நாள் மாலை வந்து பார்த்தால் பையில் எட்டு ரொட்டி. இன்னொரு நாள் விறகு. ஓநாய்கள் காத்திருந்த பாதை துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது.

"ஊர் மறக்காதுன்னு சொன்னேன்ல? அந்தப் பிச்சைக்காரர் யார்கிட்டயாவது சொல்லியிருப்பாருண்ணே," என்று விளக்கினான் ஸ்பேனர். அவனுக்கும் அது அவ்வளவு தெளிவாக இல்லை.

ஒரு வாரம் கழித்து, ஓநாய் கிழித்த கம்பளிக் கோட்டு நேர்த்தியாகத் தைக்கப்பட்டிருந்தது.

"கோட்டு தைக்கிற மாட்டா? நான் கேள்விப்பட்டதில்லையே," என்று தலையைச் சொறிந்தான் ஸ்பேனர். "இருக்கும்ண்ணே. ஆயிரக்கணக்குல இருக்கு."

மெக்கானிக் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்: "எல்லாம் அந்தப் பிச்சைக்காரர் வேலைதான். நமக்குத் தெரியாமலே வந்து செஞ்சுட்டுப் போறாரு. தெய்வம் மாதிரி."

"நல்ல மனுஷனா இருப்பாரு போல," என்றாள் அவள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மகள் வருவதற்கு முதல் நாள் மாலை, பனி கொட்டுகிற உச்சியில், வீரன் அந்த இரும்புக் கதவின் முன் போய் நின்றான். பின்னால் கழுதை. மெக்கானிக்கின் விரல் பொத்தானின் மேல் ஒரு கணம் நின்றது. அழுத்தினால் திறந்துகொள்ளும். அவ்வளவு தூரம் வந்தவருக்கு ஆசை இல்லாமலா இருக்கும்?

கையை எடுத்துவிட்டார். கதவுக்குப் பக்கத்திலிருந்த துறவியின் குடிலுக்குப் போய், வீரனுக்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்து, கழுதைக்கும் கொடுத்து, படுக்கவைத்தார். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் 'வேலை முடிந்தது' என்று எழுதி, பழக்கதோஷத்தில் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் மகள் வந்து குளித்து முடித்ததும், கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கணினியின் முன் உட்காரவைத்தார். நாற்காலியைக் காலையிலேயே துடைத்து வைத்திருந்தார். பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னப்பா இது?"

"அதே கதவும்மா. அன்னைக்கு நான் பிடுங்கிட்டேன் பாரு, அதே இடம். ஏழு மாட்டும் அப்படியே இருக்கு. ரெண்டு கூடுதலா இருக்கு, அது என் முட்டாள்தனம். கதவை நான் திறக்கல. அது நீ திறக்க வேண்டியது."

மகள் திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"உள்ள ஆள் இருக்கறப்போ கை வச்சுட்டேன்," என்றார் அவர். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஐம்பத்திரண்டு வயது மனிதருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "தப்பு என்மேலதான். அதான் நீ போன்லகூட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசறதில்ல. எனக்குப் புரியாமலா இருக்கு?"

"நீங்க கேக்கறதே ரெண்டு கேள்விதானேப்பா!"

மகளுடைய பார்வை பத்து மாதத்துக்கு முன்பு போனதுபோலவே அவருடைய தோளுக்கு மேலே போனது. இந்த முறை அவரும் திரும்பிப் பார்த்தார். பின்னால், திறந்திருந்த கதவு வழியே, மெஷினில் குனிந்திருந்த மனைவியின் முதுகு தெரிந்தது. கழுத்தில் அளவு நாடா.

"அப்பா," என்றாள் மகள் மெதுவாக, "நான் இந்த ஆட்டத்தைத் தொட்டதுகூட இல்ல. அன்னைக்கு நீங்க பிடுங்கினது அம்மாவோடது."

தையல் மெஷின் நின்றது.

பிறகு அந்த அறையிலிருந்து, "ரெண்டு பேரும் சாப்பிட வாங்க, ஆறிடப்போகுது," என்று குரல் வந்தது. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. முன்பைவிட வேகமாக.

அடுத்த நாள் காலை. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி தைத்த துணிகளைக் கொடுத்துவர நாலு வீடு தள்ளிப் போயிருந்தாள். மெக்கானிக் வேலைக்குக் கிளம்பும் முன் கருவிப் பையைத் திறந்து, உபரியாக வைத்திருந்த ஒரு சிவப்பு அட்டையை எடுத்தார். 'உள்ளே ஆள் இருக்கிறார். தொடாதே. மாட்டியவரே கழற்ற வேண்டும்.' அடியிலிருந்த தன் பெயரைப் பிளேடால் பொறுமையாகச் சுரண்டினார். அந்த இடத்தில் மனைவியின் பெயரை எழுதி, மை காயும்வரை ஊதினார்.

பிறகு மண்டியிட்டு, கணினியின் பிளக்கில் அதை மாட்டி, கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனார்.